ரிக்ரெட் அண்ணனும் என் விண்ணப்பமும்

இந்த உலகத்திலேயே அதிகத் தடவை 'வருந்துகிறோம்' என்று சொல்லப்பட்ட மனிதர் எங்கள் ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில்தான் இருந்தார். இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே வருவேன். அவர் வீட்டுச் சுவர் எனக்குச் சாட்சி.

அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அந்த 'வருந்துகிறோம்' என்பதன் இங்கிலீஷை வைத்தே மலை முழுக்க அவருக்கு ரிக்ரெட் என்று பெயர். வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அண்ணன் சேர்த்துக்கொள்வார்கள். அங்கிருந்த ஓர் அலுவலகத்தில் ப்யூன். தபாலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் வாங்கி வருவதும் அவர் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே பள்ளிக்கூடத்துக்குத் தாவரவியல் டீச்சராகப் போனபோது, போகிற வழிதானே என்று எங்கள் தபாலையும் அவரே கொண்டுவந்து தருவார்.

அவருக்கு ஒரே ஒரு பழக்கம். பேப்பரில் 'ஆட்கள் தேவை' என்று எதைப் பார்த்தாலும் மனுப் போட்டுவிடுவார். கீழே ஒடுகத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் மளிகை பழைய பேப்பரில் மடித்துத்தான் வரும். வெல்லத்தைப் பிரித்தால் ஒரு விளம்பரம், மிளகாயைப் பிரித்தால் இன்னொன்று. கப்பல் கேப்டன் வேலைக்குப் போட்டார். கடலை அவர் கண்ணால் பார்த்ததில்லை. மிருகக்காட்சிசாலை டாக்டர் வேலைக்குப் போட்டார். மகளிர் விடுதி மேட்ரன் வேலையையும் விடவில்லை. மனிதர் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட்டை விட்டவர். ஆனால் எல்லா மனுவும் கொட்டை எழுத்தில் சுத்தமான தமிழில் போகும்.

பதில்கள் இங்கிலீஷில் வரும். அதைப் படித்துச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. இடைவேளை மணி அடித்ததும் வகுப்பு வாசலில் வந்து நிற்பார்.

"டீச்சர், ரிக்ரெட்டு எங்க கீதுன்னு மட்டும் காட்டுங்க."

"மூணாவது வரியிலண்ணா."

"மூணாவதா? மேட்ரன் வேலைக்காரங்க மொத வரியிலயே போட்டுட்டாங்க. இவங்க கொஞ்சம் யோசிச்சிருக்காங்க."

ஒரு தடவை, அந்த வேலைக்குப் போன வருஷமே ஆள் எடுத்தாகிவிட்டது என்று ஒரு கம்பெனி எழுதியிருந்தது. மடித்து வந்த பேப்பர் அவ்வளவு பழசு. எனக்குப் பாவமாக இருந்தது. அவருக்கோ ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா? தகுதி இல்லன்னு சொல்லல. லேட்டுன்னுதான் சொல்றான்!"

வந்த கடிதங்களையெல்லாம் கஞ்சிப் பசை காய்ச்சி வீட்டுச் சுவரில் ஒட்டிவிடுவார். அதிலும் தராதரம் உண்டு. அச்சடித்த கடிதம் வாசல் பக்கம். டைப் அடித்தது நடுச்சுவர். பேனாவால் கையெழுத்துப் போட்டது சாமி படத்துக்குப் பக்கத்தில். அவர் மனைவி வள்ளியம்மாவிடம், "உங்களுக்குக் கோபமே வராதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எதுக்குக் கோவம் டீச்சர்? மார்கழில இந்த மண்சொவுத்துல காத்து எப்டி வரும் தெரியுமா? அந்தப் பக்கம் முழுக்க அடைச்சாச்சி. இன்னும் நாலு வேலைக்கு இந்த மனுசன் எழுதிப் போட்டா இந்தப் பக்கமும் அடைஞ்சிரும்" என்றார் அவர்.

ஏன்தான் இப்படி எழுதுகிறீர்கள் என்று அவரிடமும் கேட்டிருக்கிறேன். "தானா யாரு டீச்சர் இந்த மலைக்கு லெட்டர் போடுவா? நாம ஒண்ணு கேட்டா அவன் பதில் போட்டுத்தான ஆவணும்?" என்றார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனக்குப் பிஎச்.டி. படிக்க ஆசை. ஜவ்வாது மலையில் விளையும் சாமையில் எத்தனை ரகம் இருக்கிறது என்று யாரும் உருப்படியாக எழுதி வைக்கவில்லை. நான் சனி ஞாயிறுகளில் மானாவாரிக் கொல்லை கொல்லையாக ஏறி இறங்கி, கதிர்களை வாங்கி வந்து நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியை வழிகாட்டியாக இருக்கச் சம்மதித்துக் கடிதமே கொடுத்திருந்தார். விண்ணப்பப் படிவமும் வந்துவிட்டது. அதைப் பென்சிலால் பூர்த்தி செய்வேன். கடைசித் தேதி நெருங்கியதும் ரப்பரால் அழிப்பேன். இரண்டு வருஷமாக இதுதான் என் ஆராய்ச்சி.

என்ன பயம் என்கிறீர்களா? எல்லாம்தான். இங்கிலீஷில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் ஐந்தாவதில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். முப்பது வயது தாண்டியாயிற்று. ஊரில் அம்மா மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் கல்யாணத்துக்கென்று தனியாக ஒரு ஜெபம் வைத்திருந்தாள். பெரிய பெரிய மேதைகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மலைமேல் பள்ளிக்கூட டீச்சருக்கு என்ன வேலை என்று என் மனசே என்னைக் கேட்கும். உடனே ரப்பரை எடுப்பேன்.

தபால்காரியம் பார்க்கிறவரிடம் இதையெல்லாம் மறைக்க முடியுமா? ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டார்.

"டீச்சர், யூனிவர்சிட்டி கவரு ஒண்ணு வந்துச்சே. பதிலுக்கு ஒண்ணும் போவலியே, இன்னா ஆச்சி?"

"அனுப்பலைண்ணா. எனக்கெல்லாம் கிடைக்காது."

"கெடைக்காதுன்னு அவன் சொன்னானா, நீங்களே சொல்லிக்கினீங்களா?"

நான் அவர் கொடுத்த தபாலை அடுக்க ஆரம்பித்தேன்.

"வேணாம்னு சொல்றது அவன் வேலை டீச்சர். அதுக்குத்தான் அவனுக்குச் சம்பளம். அவன் வேலைய நீங்க ஏன் இழுத்துப் போட்டுச் செய்றீங்க?"

சாமை நோட்டு, வழிகாட்டியின் கடிதம் எல்லாம் இருக்கிறது, நேரம்தான் வரவில்லை என்று சிரித்து மழுப்பிவிட்டேன். அவரும் போய்விட்டார். அத்தோடு விட்டது என்றுதான் நினைத்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து, நான் ஒன்பதாம் வகுப்புக்கு வேரையும் தண்டையும் நடத்திக்கொண்டிருந்தபோது உள்ளேயே வந்துவிட்டார். கையில் ஒரு கடிதம். "டீச்சர், இதைக் கொஞ்சம் உடனே படிங்க" என்றார்.

படித்தேன். மனிதர் தானே ஒரு படிவம் வரவழைத்து, அதே பல்கலைக்கழகத்துக்கு, அதே தாவரவியல் துறைக்குப் பிஎச்.டி. மனுப் போட்டிருக்கிறார். ஆராய்ச்சித் தலைப்பு: 'ஒடுகத்தூர் பஸ் மலையேறத் தாமதமாவது ஏன்?'

"அண்ணா, இது என்னண்ணா!"

"அத வுடுங்க. எதுக்கு வேணாங்கறான், அதச் சொல்லுங்க."

மூன்று காரணம் எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"உங்ககிட்ட எம்.எஸ்சி. பட்டம் இல்லையாம்."

"உங்களுக்குக் கீது. அடுத்தது?"

"வழிகாட்டியோட சம்மதக் கடிதம் வைக்கலையாம்."

"உங்களாண்ட கீதுன்னு அன்னிக்கே சொன்னீங்க. அப்புறம்?"

"தலைப்பு தாவரவியலுக்குப் பொருந்தாதாம்."

"சாமை செடிதான டீச்சர்?"

"செடிதாண்ணா."

"அப்ப பொருந்தும்" என்று மூன்று விரலையும் மடக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "முடிஞ்சி போச்சி. வேணாம்னு சொல்ல அவனாண்ட இந்த மூணுதான் கீது. வேற ஏதாவது இருந்தா எனக்குச் சொல்லாம வுட்டிருப்பானா?"

வகுப்பே சிரித்தது. நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அது உறைத்தது. வயது என்று அதில் எங்கும் இல்லை. இங்கிலீஷ் என்று இல்லை. மலைமேல் வேலை பார்ப்பவர்கள் மனுப் போடக் கூடாது என்றும் இல்லை. இரண்டு வருஷமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த காரணம் ஒன்றுகூட அந்தக் கடிதத்தில் இல்லை. மத்தியானமே படிவத்தைப் பேனாவால் பூர்த்தி செய்தேன். அவர் பக்கத்திலேயே நின்று வாங்கிக்கொண்டு தபாலாபீசுக்குப் போனார். முத்திரை குத்துகிற வரைக்கும் அங்கிருந்து நகரவில்லையாம். போஸ்ட்மாஸ்டர் பிற்பாடு சொன்னார்.

பதில் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் வழக்கம்போல வகுப்பு வாசலுக்கு வரவில்லை. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் போனதும், "சாப்டீங்களா டீச்சர்?" என்றார். அப்போது மணி பத்தரை. கவர் மெலிசாக இருந்தது. வேண்டாம் என்கிற கடிதம் எப்போதும் ஒற்றைத் தாள்தான்; அவருக்கு மெலிசுக் கவரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரித்தேன். இந்த ஆண்டுக்கான இடங்கள் நிரம்பிவிட்டன, வருந்துகிறோம்.

எனக்கே ஆச்சரியம், நான் இடிந்துபோகவில்லை. நெஞ்சில் ஒரு குத்து. அவ்வளவுதான். நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தானா என்றுகூட இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவர் முகம்தான் கறுத்துப்போயிருந்தது.

"இடம் நிரம்பிடுச்சின்னுதாண்ணா சொல்றாங்க. தகுதி இல்லன்னு சொல்லல" என்றேன்.

"அதெல்லாம் எனக்கு நான் சொல்லிக்கற சமாதானம் டீச்சர்" என்றார். குரல் உடைந்திருந்தது. "எனக்குப் போட்டான், சரி. உங்களுக்கு எப்டிப் போடுவான்? நான்தான உங்கள எழுத வெச்சேன்!"

அத்தனை நாள் அவர் சிரித்த சிரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்று அந்த ஒரு நிமிஷம் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, ஆனால் என்னை நினைத்து வரவில்லை.

"அண்ணா, அடுத்த வருஷ ஃபாரத்துக்கு இப்பவே எழுதித் தர்றேன். இன்னைக்குத் தபால்லயே போட்டுடுவீங்களா?" என்றேன்.

காக்கிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குடுங்க, போய்ட்டு வர்றேன்" என்றார்.

அடுத்த வருஷம் இடம் கிடைத்தது. நேர்முகத் தேர்வில் ஐந்தாவது வாக்கியத்தில் தொண்டை அடைத்தது. தண்ணீர் குடித்துவிட்டு ஆறாவதைச் சொன்னேன்.

மலையை விட்டுக் கிளம்புகிற அன்றைக்கு வள்ளியம்மா ஒரு விஷயம் சொன்னார். கப்பல்காரர்கள் வேண்டாம் என்ற அன்றும், மிருகக்காட்சிசாலைக்காரர்கள் வேண்டாம் என்ற அன்றும் அவர் இரண்டு தட்டுக் களி கூடுதலாகவே சாப்பிட்டாராம். எனக்கு அந்த மெலிசுக் கவர் வந்த அன்றைக்கு மட்டும், களி உருண்டையைத் தட்டில் வைத்தது வைத்தபடி எழுந்து போய்விட்டாராம்.