காது மந்தமான பானை

செவ்வாயும் வெள்ளியும் மதகடிப்பட்டு கூட்ரோட்டில் பஸ் நிற்க இடம் இருக்காது. எல்லாம் கும்பானந்த சாமியின் மகிமை. மூடிக் கிடந்த அரிசி மில்லை வாடகைக்குப் பிடித்து, வாசலில் ஆள் உயர ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்: 'மன அழுத்தம், மன உளைச்சல், மன பாரம், மூன்றுக்கும் ஒரே பானை.' மூன்றும் வேறு வேறு என்று கண்டுபிடித்ததே அவருடைய முதல் அற்புதம்.

வைத்தியம் ரொம்பச் சுலபம். திரைக்குப் பின்னால் ஒரு அறை. அங்கே முக்காலி மேல் வைக்கோல் பிரிமணை, பிரிமணை மேல் வாய் அகன்ற மண்பானை. வந்தவர் தனியாக உள்ளே போய், பானைக்குள் தலையை விட்டு, மனசில் இருப்பதையெல்லாம் கொட்ட வேண்டும். பிறகு வாயை மஞ்சள் துணியால் கட்டி (பானையின் வாயைத்தான்) வெளியே கொண்டுவந்து சாமி மடியில் வைக்க வேண்டும். சாமி அதில் காது வைத்துக் கேட்டு, கொட்டியதில் ஒன்றிரண்டை எல்லோருக்கும் முன்னால் சொல்வார். அப்புறம் பானை கடலுக்குப் போய்விடும், கவலையும் கூடவே போய்விடும். பானை விலையும் வண்டி வாடகையும் தனி.

ஒரே ஒரு நிபந்தனை. பானைக்குக் காது மந்தம், சத்தமாகச் சொல்ல வேண்டும். தெய்வத்துக்கே காது கேட்காது என்று ஊரெல்லாம் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற ஜனங்கள் இதையா ஏன் என்று கேட்கப் போகிறார்கள்?

போனவர்கள் முகம் தெளிந்துதான் வந்தார்கள், அது பொய்யில்லை. வருஷக்கணக்காக உள்ளே வைத்துப் புழுங்கியதை வாய்விட்டுச் சொன்னால் யாருக்கும் கொஞ்சம் லேசாகத்தான் இருக்கும். ஆட்டுக்குட்டியிடம் சொல்லியிருந்தாலும் லேசாகியிருக்கும். ஆட்டுக்குட்டி காணிக்கை கேட்காது, அதனால் அதற்கு மரியாதை இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை கரையாம்புத்தூர் தேவேந்திரன் தன் மனைவி மஞ்சுளாவைப் பைக்கில் கூட்டிவந்தான். அவன் சட்டைப்பையில் அவளுடைய மாத்திரை அட்டை இருந்தது.

தை மாசத்திலிருந்து மஞ்சுளாவுக்குத் தூக்கம் போய்விட்டது. அடுப்பில் பால் பொங்கி வழியும், அவள் பார்த்துக்கொண்டே நிற்பாள். ஏன் என்று கேட்டால், தெரியலையே என்று அழுவாள். வீட்டில் சாவில்லை, சண்டையில்லை, கரும்பும் நன்றாகவே விளைந்திருந்தது. காரணம் தெரியாமல் காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்குகிற ஊர், காரணம் தெரியாமல் அழுகை வந்தால் காத்து கருப்பு என்றது. மஞ்சுளா ஊரைக் கேட்கவில்லை. தானே பஸ் ஏறி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் பிரியதர்ஷினி, "இதுவும் ஒரு நோவுதாம்மா, சரியாயிடும்" என்று மாத்திரை கொடுத்தார். வாரம் ஒரு நாள் வந்து பேசச் சொன்னார், சாயங்காலம் நடக்கச் சொன்னார். கொஞ்ச நாளில் தூக்கம் வந்தது. போன வாரம் குழம்பில் உப்பு இல்லை என்ற தேவேந்திரனை ஒரு பிடி பிடித்தாள். பழைய மஞ்சுளா திரும்பிவிட்டாள் என்று அவனுக்கு அன்றைக்கெல்லாம் ஒரே சந்தோஷம்.

அதற்குள் அவன் அக்கா ஜெயா வந்து, "அது பைத்தியத்துக்குக் குடுக்கற மாத்திரைடா" என்று பற்ற வைத்தாள். டாக்டர் மருந்து உடம்பில் இருந்தால் பானை பாரத்தை வாங்காது என்று கும்பானந்த சாமியே சொன்னாராம். மாத்திரையையும் பானையில் போட்டுக் கடலுக்கு அனுப்பிவிட வேண்டுமாம். தேவேந்திரன் கெட்டவனில்லை, பயந்தவன். பூச்சி மருந்து டப்பாவில் எழுதியிருப்பதை இரண்டு தடவை படிக்கிறவன், பெண்டாட்டி விஷயத்தில் ஒரு ஃபிளெக்ஸை நம்பினான்.

"மாத்திரைய நிறுத்தினா பழையபடி ஆயிடுவேங்க. எனக்கு பயமா இருக்குது" என்றாள் மஞ்சுளா. அவன் கேட்கவில்லை. கடைசியில் அவள் ஒரு வழிக்கு வந்தாள். "சரி. பானை சொல்றது நெசமா இருந்தா, என் கையாலயே மாத்திரைய அதுல போட்டுடறேன்."

உள்ளே போனவள் வெகுநேரம் கழித்துத்தான் பானையோடு வந்தாள். சாமி கண்ணை மூடிக்கொண்டு பானையில் காதை வைத்தார். காதுக்கும் பானைக்கும் நடுவில் இத்தனை பெரிய தலைப்பாகை இருக்கிறதே, எப்படிக் கேட்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"ஐயோ பாவம். இத்தினி நாளு எப்படிம்மா தாங்குன?" சாமியின் குரல் தழுதழுத்தது. "ஒன் வூட்டுக்காரனுக்கு நல்லவாடு குப்பத்துல இன்னொரு குடும்பம் இருக்குது. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. போட் வேற வாங்கிக் குடுத்திருக்கான்."

கூட்டம் உச்சுக் கொட்டியது. யாரைச் சொல்கிறார் என்று தேவேந்திரன் பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் சுவர்தான் இருந்தது. நல்லவாட்டுக்கு அவன் போனது வாழ்நாளில் ஒரே தடவை, மீன் வாங்க. ஆனால் சாமி வாக்கு தப்பாதே. தனக்கே தெரியாமல் எப்போது கல்யாணம் ஆனது என்று ஒரு நிமிஷம் யோசித்துக்கூடப் பார்த்தான்.

பஸ் பிடித்து முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்த ஜெயா அவன் சட்டையைப் பிடித்தாள். "ஏண்டா, அவளுக்கு போட்டா? நான் ஒரு கிரைண்டர் கேட்டப்ப கையில இல்லக்கான்னியே."

"அக்கா, எனக்கு தண்ணின்னாலே ஆவாது. நான் போயி போட் வாங்குவனா?"

"அப்போ சாமி பொய் சொல்லுதா?"

யாரோ ஒரு அம்மா செருப்பைக் கழற்றினாள். தேவேந்திரனுக்கு அப்போதுதான் உறைத்தது. சாமி சொல்வது பொய் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். கால் மணி நேரத்துக்கு முன்னால் அவரை முழுசாக நம்பியவனும் அவன்தான். கோபத்தில் மேடையை நோக்கிப் பாய்ந்தான்.

"கோவப்படாதப்பா" என்று சாமி கையைத் தூக்கினார். "நீயும் உள்ள போ. செஞ்ச தப்பை பானைகிட்ட ஒத்துக்கினா பாரம் எறங்கிடும். சத்தமா சொல்லணும்."

சத்தமாகத்தானே? தேவேந்திரன் உள்ளே போனான். கரும்புக் கொல்லையில் பன்றி விரட்டுகிற குரல் அவனுடையது. புதுப் பானைக்குள் தலையை விட்டான்.

"யோவ், எனக்கு ஒரே பொண்டாட்டிதான்யா!"

வெளியே "ஐயோ" என்று ஒரு அலறல். ஓடிவந்து பார்த்தால், சாமி ஒரு காதைப் பொத்திக்கொண்டு மேடையில் குதித்துக்கொண்டிருந்தார். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் தொங்கியது. அதிலிருந்து ஒரு வெள்ளை இயர்போன் கீழே விழ, மஞ்சுளா குனிந்து எடுத்தாள்.

"இது இன்னா சாமி?"

"அது காது வலிக்கு டாக்டர் குடுத்ததும்மா."

"டாக்டர் குடுத்தது உடம்புல இருந்தா பானை வேலை செய்யாதுன்னீங்களே?"

கூட்டத்தில் முதலில் ஒருத்தர் சிரித்தார், பிறகு நாலு பேர். ஜெயா விடுவிடுவென்று உள்ளே போய்ப் பிரிமணையைத் தூக்கினாள். அடியில் ஒரு செல்போன், லைனில்.

"நான் பானைகிட்ட சொன்னது கதைங்க" என்றாள் மஞ்சுளா எல்லோருக்கும் கேட்கும்படி. "இவருக்கு நான் ஒருத்தியே ஜாஸ்தி. மனச படிக்கற பானைக்கு அது பொய்யின்னு தெரிஞ்சிருக்கணும் இல்ல? சொன்னத அப்படியே ஒப்பிக்குது."

நான்கு மாசத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை தேவேந்திரன் பார்த்துக்கொண்டே நின்றான். சபையில் மானம் போனதுகூட அவனுக்கு மறந்துவிட்டது. கும்பானந்தர் பானை வண்டியில் ஏறித் தப்பப் பார்த்தார். சபையில் சொன்னது போக மீதி ரகசியமெல்லாம் அந்த ஆள் காதில் இருக்கிறதே என்று பதறிய பெண்கள் வண்டியை மறித்துக்கொண்டார்கள். போலீஸ் வருகிறவரை அவரும் பானைகளும் ஒன்றாகவே உட்கார்ந்திருந்தார்கள்.

தேவேந்திரன் மாத்திரை அட்டையை அவள் கையில் கொடுத்தான். "ராத்திரி சாப்புட்டு போட்டுக்கோ. ஆமா, இவ்ளோ நாளா உனக்கு உள்ள இன்னா இருக்குதுன்னு என்கிட்ட சொல்லி இருக்கலாமே?"

"காத்தா கருப்பான்னுதானே கேட்டீங்க? எப்படி இருக்கன்னு கேக்கலையே. அடுத்த வாரம் டாக்டரம்மாகிட்ட நீங்களும் வாங்க."

"எனக்கு இன்னா?"

"மோட்டார் கொட்டாய்ல தனியா உக்காந்து பீடி மேல பீடியா புடிக்கறீங்களே, அது இன்னா?"

தேவேந்திரன் பைக்கைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு, முகத்தைத் திருப்பாமலே பேச ஆரம்பித்தான். ஊர் வந்து சேர்ந்த பிறகும் நிறுத்தவில்லை.

இப்போது வில்லியனூர்ப் பக்கம் புதிதாக ஒரு அம்மா வந்திருக்கிறாராம், முகம் பார்க்கிற கண்ணாடியில் கவலையைப் பிடித்துத் தருகிறாராம். பஸ்ஸில் இடமில்லை என்று கேள்வி. காலில் போடுகிற செருப்பை நாலு கடை ஏறி இறங்கி, வளைத்துப் பார்த்து வாங்குகிறோம். தலையை மட்டும் எவன் கை நீட்டினாலும் கழற்றிக் கொடுத்துவிட்டு வருகிறோமே, அது ஏன்?