தேவை: ஃபெயில் ஆன சார்ஜர் ஒன்று

பழுதான ஒரு பொருளைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது. ஆடுகிற மேஜைக்கு அடியில் அட்டையை மடித்து வைக்காமல் எனக்கு ஹோட்டலில் இட்லி தொண்டையில் இறங்காது. ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், கடகடவென்று சத்தம் போட்ட ஃபேனை இறக்கிக் கூடத்திலேயே பிரித்துப் போட்டுவிட்டேன். (பிணத்தை எடுக்கிற வரைக்கும் அதைத் திரும்ப மாட்ட முடியவில்லை. அழுதவர்களில் பாதிப் பேர் புழுக்கத்தில்தான் அழுதார்கள்.) என் மாதிரி ஆட்களை உறவினர்கள் கெட்டிக்காரன் என்பார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே என்னைக் கெடுத்து வைத்திருந்தார்கள்.

இந்தக் கெட்டிக்காரத்தனத்தோடு நான் போய்ச் சேர்ந்த இடம் கும்மிடிப்பூண்டி. எல்லோரும் செல்போன் விளையாட்டில் பாம்பு வளர்த்துக்கொண்டிருந்த காலம். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவைத் தூக்கிக்கொண்டு, திருநின்றவூரில் ஒரு ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இன்னொரு ரயில் மாறி, தொழிற்பேட்டையில் பேட்டரி சார்ஜர் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் துபாய்க்குப் போய்விட்டார். அவர் போகும்போது எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. கெட்டிக்காரன் எங்காவது கேட்பானா?

முதலாளி ஹமீது பாய். பழவேற்காட்டில் காலங்காலமாக இறால் வியாபாரம் செய்கிற குடும்பம். அண்ணன்கள் எல்லோரும் இறாலோடு இருந்துவிட, கடைசிப் பிள்ளையான இவர் மட்டும் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு வந்து சார்ஜரில் போட்டிருந்தார். "ஐஸ் வெச்சா தாங்குற தொழில வுட்டுட்டு, ஷாக் அடிக்கிற தொழிலுக்குப் போறியேடா" என்று அண்ணன்கள் பெருநாளுக்குப் பெருநாள் கேலி செய்வார்களாம். பாய் அதைச் சொல்லும்போது சிரிப்பார். ஆனால் மனசுக்குள் வலி இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவருக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. ஒரு கன்டெய்னர் நிறைய சார்ஜர். ஆனால் பாதுகாப்பு முத்திரை இல்லாத மின்சாதனத்தை அந்த வியாபாரி தொடக்கூட மாட்டார். மாதிரிப் பீஸ்களை ஏற்கெனவே சோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருந்தோம். அங்கே அவற்றைச் சூடாக்கினார்கள், கீழே போட்டார்கள், விரல் மாதிரி ஒரு கருவியைச் செய்து வைத்துக்கொண்டு ஓட்டை ஓட்டையாகக் குத்தினார்கள். எல்லாவற்றிலும் தேறிவிட்டது. பாக்கி இருந்தது தொழிற்சாலை ஆய்வு மட்டும்தான். ஒவ்வொரு பீஸையும் ஒழுங்காகச் சோதித்துத்தான் அனுப்புகிறோமா என்று ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். அவர் சரி என்றால் கன்டெய்னர் கப்பல் ஏறும். இல்லையென்றால் பாய் தலை குனிந்து அண்ணன்களிடம் திரும்ப வேண்டியதுதான். நானோ இன்னும் வேலை நிரந்தரமாகாத ஆள். எனக்குக் குனியத் தலைகூட இருக்காது.

"இறாலுக்கும் வெளிநாட்டுக்காரன் வருவாம்பா. மூடியத் தொறப்பான், மோந்து பாப்பான், போய்க்கினே இருப்பான். இவனுங்க இன்னாடான்னா ஒரு டப்பாவுக்கு இந்தப் பேஜாரு பண்றானுங்க" என்று பாய் புலம்பினார்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் ஒரு வீடு எப்படி ஆகுமோ, அப்படி ஆயிற்று கம்பெனி. சுவருக்கு வெள்ளை அடித்தோம். சோதனை மேஜையைச் சுத்தம் செய்கிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அந்த மேஜையில் ஒரு மெஷின் உண்டு. வீட்டு மின்சாரத்தைவிடப் பல மடங்கு அதிகமான வோல்டேஜைச் சார்ஜருக்குள் செலுத்தும். கசிவு ஏதும் இல்லையென்றால் பச்சை விளக்கு. எங்காவது கசிந்து சார்ஜரின் வெளி இரும்புப் பெட்டிக்கு வந்தால் சிவப்பு விளக்கும் காதைப் பிளக்கிற சத்தமும். அந்த மேஜையின் கீழ்த் தட்டில், சிவப்புப் பெயின்டில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்ட சார்ஜர் ஒன்று கிடந்தது.

திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு வயரின் தோலை உரித்து, நேராகப் பெட்டியின் உடம்போடு திருகி வைத்திருந்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆய்வாளர் கண்ணில் பட்டால் மானம் போகுமே!

சோதனை மேஜையில் வேலை பார்த்தவர் நாகம்மா அக்கா. ஆரம்பாக்கத்திலிருந்து வருவார். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்ததும் எட்டிப் பார்த்தார்.

"அத்த இன்னாத்துக்கு நைனா நோண்டிக்கினு கீற? அது எப்பவும் ஃபெயில்தான் காட்டும். பழைய சாரு டெய்லி காலீல அத்த வெச்சி ஒரு தபா பாக்கச் சொல்லுவாரு."

"ஃபெயில் ஆவுற பீஸ எதுக்குக்கா டெய்லி பாக்கணும்?"

"யாருக்குத் தெரியும்? வெய்யின்னாரு, வெச்சேன். அவரு போனதும் வுட்டுட்டேன்."

துபாய்க்காரரின் மூளையை நினைத்து வாய்விட்டுச் சிரித்தேன். வயரைக் கழற்றி, உறை மாட்டி, இருக்க வேண்டிய இடத்தில் பற்றவைத்தேன். பெருக்கல் குறியைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். மெஷினில் வைத்ததும் பச்சை எரிந்தது. நாகம்மா அக்கா கை தட்டினார். பாய் வந்து பார்த்துவிட்டு, "வீணாப் போவ இருந்த பீஸக் காப்பாத்திட்டியே தம்பி" என்று முதுகில் தட்டினார். பெயின்ட் கறை முழுசாகப் போகாததால் அதை விற்க முடியாது. ஊத்துக்கோட்டையில் இருக்கிற தன் மச்சானுக்கு, டிராக்டர் பேட்டரிக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்தனுப்பிவிட்டார். நான் அன்று ரயிலில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து ஒரு ராஜாவைப் போல வீட்டுக்குப் போனேன்.

ஆய்வாளர் பெயர் நாச்சிமுத்து. சொந்த ஊர் கோயம்புத்தூர் பக்கம், வேலை பெங்களூரில். தண்ணீர் பாட்டிலும் தயிர் சாதமும் கையோடு கொண்டுவந்திருந்தார். பாய் வீட்டிலிருந்து வந்த இறால் பிரியாணியை "வேண்டாங்க" என்று இரண்டு கையையும் கூப்பி மறுத்தார். அந்த வாசனைக்கே அசையாத மனிதர். ஆனாலும் காலை நன்றாகவே போனது. கேட்டதை எல்லாம் காட்டினோம், காட்டியதற்கெல்லாம் தலையாட்டினார். கடைசியில் சோதனை மேஜைக்கு வந்தார். நாகம்மா அக்கா ஒரு சார்ஜரை வைத்துப் பட்டனை அழுத்தினார். பச்சை.

"மெஷினு பாஸ் சொல்லுதுங்க. சந்தோசம். இது ஃபெயிலும் சொல்லுமுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"எங்க பீஸ் ஃபெயில் ஆகாது சார்!" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

"அதில்லீங்க தம்பி. மெஷினே கெட்டுப் போயிருந்தாக்கூடப் பச்சை எரியுமல்லங்க? அதுக்குத்தான் வேணும்னே கெடுத்து வெச்ச பீஸ் ஒன்னு இருக்கோணும். தெனமும் காலையில அத வெச்சு, செவப்பு எரியுதான்னு பாத்துட்டுத்தான் வேலையத் தொடங்கோணும். அத எடுங்க, பாக்கலாம்."

நாகம்மா அக்கா என்னைப் பார்த்தார். பாய் என்னைப் பார்த்தார். நான் கீழ்த் தட்டைப் பார்த்தேன். அது அப்பழுக்கில்லாமல் சுத்தமாக இருந்தது.

"ஸ்டோர்ல இருக்கு சார், தோ எடுத்தாறேன்" என்று கிளம்பினேன். பாய் பின்னாலேயே ஓடிவந்து, நடைபாதையில் நின்று ஊத்துக்கோட்டைக்குப் போன் போட்டார். மச்சானுக்குப் போன் சும்மா பேருக்குத்தான், அவர் போடுகிற சத்தம் ஊத்துக்கோட்டையிலிருந்து நேராகவே வரும். எனக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"மச்சான், அந்த சார்ஜர ஒடனே வண்டியில போட்டு அனுப்பு."

"இன்னா மச்சான், குட்த்தத திருப்பிக் கேக்குற? சூப்பரா கீது. டிராக்டரு ஒரே தபால ஸ்டார்ட் ஆவுது! எவன் ரிப்பேர் பண்ணான்? ராசியான கையி!"

பாய் போனை வைத்துவிட்டு என் ராசியான கையைப் பார்த்தார். அந்த சார்ஜர் திரும்பி வந்தாலும் பிரயோஜனமில்லை என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அதைத்தான் நான் நல்ல பீஸாக்கித் தொலைத்திருந்தேனே.

"எதையாவது ஃபெயில் ஆக்குடா" என்றார் பாய் பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கூச்சமும் வருகிறது. லைனிலிருந்து ஒரு சார்ஜரைக் கொண்டுவந்து வைத்தேன். பச்சை. ஈரத் துணியால் துடைத்த ஒன்றை வைத்தேன். பச்சை. கீழே விழுந்து மூலை நசுங்கிக் கிடந்ததைத் தேடி எடுத்து வைத்தேன். அதுவும் பச்சை. மற்ற நாட்களில் கேட்காமலே ஃபெயில் ஆகிற சரக்கு அது. அன்றைக்கென்று பார்த்து எல்லாம் ஒழுக்கத்தின் சிகரமாக இருந்தது. "யா அல்லா, ஒன்னே ஒன்னு ஃபெயில் ஆவட்டும்" என்று பாய் முணுமுணுத்தார். நாகம்மா அக்கா தன் பங்குக்குக் குலதெய்வத்திடம் பொங்கல் வைப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, மெஷினு செவப்புக் காட்டுறதப் பாக்காம நான் எப்படீங்க கையெழுத்துப் போடறது?"

பாயின் முகம் வெளுத்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குள் இருந்த கெட்டிக்காரன் விழித்துக்கொண்டான். ஒரு துண்டு வயரை எடுத்தேன். இரண்டு முனையிலும் தோலை உரித்தேன். மெஷினின் வோல்டேஜ் வருகிற முனையில் ஒரு நுனியை வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டேன். இன்னொரு நுனியைச் சார்ஜரின் உடம்பில் வைத்து வலது கையால் அழுத்திக்கொண்டேன். கசிவுக்கு வழி தயார். இப்போது பட்டனை அழுத்த வேண்டும். இரண்டு கையும் வேலையாக இருந்தது. நாகம்மா அக்கா தள்ளி நின்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தார். யாரையும் தொந்தரவு செய்வானேன் என்று முழங்கையால் அழுத்தினேன்.

யாரோ என் இரண்டு தோளையும் பிடித்து ஒரே உலுக்காக உலுக்கின மாதிரி இருந்தது. அடுத்த நொடி, பின்னால் இருந்த தெர்மகோல் பெட்டிக்குள் மடங்கி உட்கார்ந்திருந்தேன். கால்கள் மட்டும் வெளியே. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷின் ஊரைக் கூட்டியது.

"சார்! சிவப்பு சார்! ஃபெயில் சார்!" என்று பெட்டிக்குள்ளிருந்து கத்தினேன்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் பாய். அப்புறம்தான் குனிந்து பார்த்து, "தம்பி, உசுரோட கீறியா?" என்றார்.

நாச்சிமுத்துதான் ஓடிவந்து மெயினை அணைத்தார். யாருக்கும் தராத அந்தத் தண்ணீர் பாட்டிலை என் வாயில் வைத்தார். நாடி பார்த்தார். பக்கத்து டாக்டரிடம் கூட்டிப்போய், ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, மெஷினுல ரெண்டு கிளிப் இருக்குதல்லங்க? ரெண்டையும் ஒன்னோட ஒன்னு மாட்டி உட்டுட்டு, தள்ளி நின்னு பட்டன அமுத்தியிருந்தாச் செவப்பு எரிஞ்சிருக்குமே. நீங்க எதுக்குங்க நடுவுல போனீங்க?"

நான் அந்த இரண்டு கிளிப்பையும் மாறி மாறிப் பார்த்தேன். 

அவர் பாயின் பக்கம் திரும்பினார். "மெஷினு பாஸுங்க. இந்தத் தம்பிதான் ஃபெயிலு." பிறகு வரிசையாகச் சொன்னார். மெஷினுக்கு மூடி போட்ட கூண்டு செய்ய வேண்டும். மூடி திறந்திருந்தால் மின்சாரமே வரக்கூடாது. பட்டன் ஒன்று போதாது, தூரத் தூரமாக இரண்டு வைக்க வேண்டும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ஓட வேண்டும். கெடுத்து வைத்த பீஸைப் பூட்டி வைக்க வேண்டும். கடைசியாக, என் பெயரைச் சொல்லி, இவருக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்து அத்தாட்சி அனுப்ப வேண்டும். எல்லாம் வந்து சேர்ந்தால்தான் முத்திரை.

அவர் போன பிறகு பாய் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எனக்கு ஷாக் அடித்தபோதுகூட அவ்வளவு பயமில்லை. வீட்டில் என் சம்பளத்தை நம்பித் தங்கையைக் காலேஜில் சேர்த்திருந்தார்கள். வேலை போனால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது?

"ஒன்னிய இன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிடலாம்னுதான் நெனச்சேன்" என்றார் பாய். "ஆனா அந்தாளு ஒம் பேரப் போட்டுப் பயிற்சி குடுன்னு எழுதிட்டுப் போய்ட்டான். ஒன்னியத் தூக்கிட்டா நான் எவனுக்குடா பயிற்சி குடுக்கறது? கன்டெய்னர் நின்னுடும்."

என்னைக் கவிழ்த்த முட்டாள்தனமே என்னை வேலையில் வைத்துக்கொண்டது. கூண்டு தயாரானது. எதைத் தொடக்கூடாது என்று நான் தனியாளாக உட்கார்ந்து ஒரு நாள் பாடம் கேட்டேன். முத்திரை வந்தது. கன்டெய்னர் கிளம்பிய அன்று பழவேற்காட்டிலிருந்து பாயின் அண்ணன்கள் வந்து வாசலில் நின்றார்கள். மூத்தவர் ஒரு பெட்டியை மோந்து பார்த்துவிட்டு, "நாறவே இல்லியேடா" என்று தம்பியைக் கட்டிக்கொண்டார். பாய் அழுதார். நானும் அழுதேன், எனக்கு என்ன வந்தது என்று தெரியாமலே. ஆண்டுதோறும் ஆய்வுக்கு வந்த நாச்சிமுத்து முதலில் கேட்டது என்னைத்தான். "அந்தத் தம்பி இருக்காருங்களா? பயிற்சி ஆச்சுங்களா?" இதற்குப் பயந்தே பாய் என்னை நிரந்தரமாக்கினார்.

சில வருஷம் கழித்துத் திருநின்றவூரில் எனக்குக் கல்யாணம். கம்பெனியே திரண்டு வந்திருந்தது. கெட்டிமேளம் முழங்க, நான் தாலியை எடுத்தேன். முதல் முடிச்சு நழுவியதை முன்வரிசையிலிருந்த நாகம்மா அக்கா பார்த்துவிட்டார். மேளச் சத்தத்தையும் மீறி அவர் குரல் வந்தது.

"நைனா, ரெண்டு கையாலயும் கட்டு! மொழங்கைய வெக்காத!"

கம்பெனி ஆட்கள் சிரித்த சிரிப்பில் ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். ஹமீது பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என்ன ஏது என்று தெரியாத பெண் வீட்டார், எனக்கு முழங்கையில் ஏதோ கோளாறு, மறைத்துக் கல்யாணம் செய்துவிட்டார்கள் என்று பந்தியில் பேசிக்கொண்டார்களாம். அன்றிரவு என் மனைவி என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "உங்க முழங்கைக்கு என்ன?" என்பதுதான். முழுக் கதையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் மிக்ஸி ஓட வேண்டுமென்றால், நான் கூடத்தில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் அவள் ஸ்விட்சைப் போடுவாள்.