பழுது: ஏதுமில்லை

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் கடைசி மைத்துனன் வணங்கி எழுதிக்கொள்வது.

நீங்களும் அக்காவும் நலம் என்று அக்காவே போனில் சொல்லிவிட்டதால் அதை மறுபடி விசாரித்துத் தாளை வீணாக்கவில்லை. நான் நலமா என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்குப் பதில் ஒரு வரியில் அடங்காது என்பதால்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். சொல்லலாம், ஆனால் நடுவில் அக்கா போனை வாங்கிப் பேசுவாள், பேசி முடித்ததும் வைத்துவிடுவாள்.

இருபத்தொன்பது வருஷத்துக்கு முன் நீங்கள் தலைமை அலுவலகத்தில் இருந்தபோது எனக்கு வாங்கிக் கொடுத்த வேலை, அருங்காட்சியகத்தின் மேல்மாடிச் சிற்பக் கூடத்துக் காவலர். மூக்கில்லாத ராஜாக்கள் பதினேழு, தலையில்லாத ராணிகள் நாலு, என்னவென்று இன்னும் முடிவாகாத மிருகம் ஒன்று. அத்தனை பேரும் என்னிடம் ஒப்படைத்த நிலையிலேயே இன்றைக்கும் இருக்கிறார்கள். மூக்கு போனதெல்லாம் நான் வருவதற்கு முன். என் வாழ்நாளில் நான் அதிகம் சொன்ன சொல் 'தொடாதீங்க' என்பதுதான். கல்யாணமான புதிதில் தூக்கத்திலும் அதையே சொன்னேன் என்று என் மனைவி இன்னும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மாதக் கடைசியில் பழுதுப் பதிவேட்டைத் திறந்து 'ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அப்படி முந்நூற்று நாற்பத்தெட்டு 'ஏதுமில்லை' போட்டிருக்கிறேன். ஓய்வு பெறும்வரை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

அதில்தான் மண் விழுந்தது. இரண்டு மாதத்துக்கு முன் என்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அங்கே குழந்தைகளுக்கென்று புதிதாக ஒரு கூடம். வாசலில் 'பொருள், ஆற்றல், விசை' என்று எழுதி, அதன் கீழே அதைவிடப் பெரிதாக 'தயவுசெய்து தொடுங்கள்' என்று எழுதியிருக்கிறது. எழுத்துப்பிழையோ என்று இன்னொரு தடவை படித்தேன். உள்ளே கண்ணாடிப் பெட்டி இல்லை, கயிற்றுத் தடுப்பு இல்லை. கப்பி மாட்டிய நாற்காலி. குழந்தை அதில் உட்கார்ந்து தன்னைத்தானே மேலே இழுத்துக்கொள்ளலாம். கைப்பிடியைச் சுற்றினால் பல்பு எரியும் பெட்டி. சுழலும் முக்காலி. நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளித் தாங்கு வைத்த நீளமான சீசாப் பலகை. ஒரு தொட்டியில் பனிக்கட்டிப் பாளம், பக்கத்தில் தண்ணீர், அதற்கும் பக்கத்தில் நீராவி. மூன்றும் ஒரே பொருள்தான் என்று பிள்ளைகள் தாமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். ஆவிக்கு மட்டும் கெட்டியாக ஒரு கண்ணாடி மூடி போட்டிருக்கிறார்கள். அந்தக் கூடத்தில் எனக்குப் பிடித்த ஒரே சாமான் அந்த மூடி.

முதல் நாள் மூன்றாம் வகுப்பிலிருந்து நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பெண் குழந்தை கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினாள். என் வாய் என்னைக் கேட்கவில்லை. "தொடாதீங்க!" என்று போட்ட சத்தத்தில் நாற்பது பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். "இது எதுக்கு அங்கிள் இருக்கு?" என்றாள் அவள். "பாக்கறதுக்கும்மா." "பாத்தாச்சே?" இதற்குச் சிற்பக் கூடத்தில் யாரும் என்னைத் தயார் செய்யவில்லை. போகும்போது அவர்களுடைய டீச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்காத குறை. "எங்க பசங்க இவ்ளோ அமைதியா இருந்து நான் பாத்ததே இல்ல சார். நீங்க முன்னாடி ஹெட்மாஸ்டரா இருந்தீங்களா?" என்றார். அந்த மாதம் முழுக்க இருபது வகுப்புகள் வந்தன. இருபதும் கையைக் கட்டிக்கொண்டு வந்த வழியே போயின. மாதக் கடைசியில் 'ஏதுமில்லை' என்று எழுதினேன். இயக்குநர் அம்மா கூப்பிட்டனுப்பினார்.

இயக்குநர் அம்மா சின்ன வயதுக்காரர், ஓட்டப்பந்தயச் செருப்பு மாதிரி எதையோ போட்டுக்கொண்டுதான் ஆபீசுக்கே வருவார். பாராட்டுவார் என்று நினைத்து சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு போனேன். "ஒரு ஸ்க்ரூகூடக் கழலலையா சார்?" என்றார். "என் கண் முன்னாடியா மேடம்?" என்றேன். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "சார், இந்தக் கூடத்துல ஒண்ணும் உடையலைன்னா யாரும் விளையாடலைன்னு அர்த்தம். யாரும் விளையாடலைன்னா இது எதுக்குன்னு தலைமை ஆபீஸ் கேக்கும். அடுத்த மாசமும் இப்படியே இருந்தா மூடிட்டு பழைய பைல் போடற ரூமாக்கிடுவாங்க." வெளியே வந்தால் ஸ்பேனர் நிற்கிறான். ஸ்பேனர் என்பது கூடத்துச் சாமான்களைப் பழுதுபார்க்க மாதாமாதம் ஒப்பந்தத்தில் வைத்திருக்கும் ஆள். அந்த மாதம் பூராவும் பூட்டிய கருவிப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தான். "என் வயித்துல அடிக்கறீங்களே சார். எனக்கு ஸ்கூல் போற பொண்ணுங்க ரெண்டு பேர்" என்றான். ஒழுங்காக வேலை பார்த்ததற்கு என்னை இப்படி யாரும் திட்டியதில்லை.

நான் பொய் எழுதுகிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். உடையாததை உடைந்தது என்று எழுத எனக்குக் கை வராது. ஆகவே உண்மையாகவே உடைத்து உண்மையாகவே எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். ஐந்து மணிக்குக் கூடம் மூடியபின் அரை மணி நேரம் ஒதுக்கினேன். முதலில் கைப்பிடிப் பெட்டி. ஒரு பல்புக்கு லேசாகச் சுற்றியது. இரண்டாவது பல்பைப் போட்டதும் கை இறுகியது. நாலாவதுக்கு மூச்சு வாங்கியது. சரி, பழுதாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டு ஸ்பேனரைக் கூப்பிட்டேன். "பழுதெல்லாம் இல்ல சார். பல்பு ஏற ஏற கை வலிக்கத்தான் செய்யும். கரண்ட்டுன்னா சும்மா வருதுன்னு நெனச்சீங்களா?" என்றான். நான் அப்படித்தான் ஐம்பத்தொன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஆளில்லாத அறையில் எரிந்த விளக்கையெல்லாம் அணைத்தேன். காய்ச்சலா என்று என் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்த நாள் ஆறு கப்பி போட்ட நாற்காலி. உட்கார்ந்து கயிற்றை இழுத்தால், உடம்பு வேறு யாருடையதோ என்பது போல மேலே போகிறது, கயிறு மட்டும் முழம் முழமாக வந்துகொண்டே இருக்கிறது. உச்சியில் பூட்டு 'டக்'கென்று பிடித்துக்கொண்டது. இறங்கும் முறை கீழே பலகையில் எழுதியிருக்கிறது. டிபன் டப்பாவை மறந்து வைத்த ஸ்பேனர் திரும்பி வரும்வரை இருபது நிமிஷம் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தேன். அதற்கும் அடுத்த நாள் சுழலும் முக்காலி. இரண்டு கையிலும் இரும்புக்குண்டைக் கொடுத்து, கையை விரிக்கச் சொல்லி, ஸ்பேனர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். மெதுவாகத்தான் சுற்றியது. "இப்ப கைய உள்ள இழுங்க சார்" என்றான். இழுத்தேன். உலகம் சுற்றுகிறது என்பதில் எனக்கு இனி சந்தேகமே கிடையாது அத்தான். என் மூக்குக்கண்ணாடி பறந்து போய்ச் சுவர் ஸ்விட்ச் ஒன்றை உடைத்தது. அதுதான் என் பணிக்காலத்தின் முதல் பழுது. ஸ்பேனர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது; பெட்டியைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

பத்து நாளில் பதினொரு பழுது சேர்ந்தது. பதிவேட்டில் 'உடைத்தவர் வயது' என்று ஒரு பத்தி இருக்கிறது, எந்த வயதுக் குழந்தை எதில் விளையாடுகிறது என்று தெரிந்துகொள்ள. நான் பதினொரு இடத்திலும் 59 என்று எழுதினேன். உண்மையைத்தானே எழுத வேண்டும்? மறுவாரம், பதிவேட்டின் நகலைப் பார்த்த தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: தங்கள் குழந்தைகள் கூடத்தைப் பயன்படுத்துவோரின் சராசரி வயது ஐம்பத்தொன்பது எனத் தெரிய வருவதால், அவர்கள் வசதிக்காகச் சக்கர நாற்காலி ஒன்றும் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றும் இத்துடன் அனுப்பப்படுகின்றன. இரண்டும் வந்து இறங்கின. இயக்குநர் அம்மா பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "ஐம்பத்தொம்பது யாரு சார்?" "நான்தாங்க மேடம்." அவர் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபமா சிரிப்பா தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. கடைசியில், "இதையே நாளைக்குப் பசங்க முன்னாடி செய்ங்க சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

'தொடுங்க' என்று சொல்ல வீட்டுக் கண்ணாடி முன் நின்று பழகிப் பார்த்தேன். நாக்கு மடங்கவில்லை. ஆகவே மறுநாள் வகுப்பு வந்ததும் வாயைத் திறக்காமல் போய் சீசாப் பலகையின் குட்டைப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். என் எடை எழுபத்தெட்டு கிலோ. நீளப் பக்கத்துக் கோடியில் ஒரு ஈர்க்குச்சிப் பெண், என்னில் கால்வாசிகூட இருக்காது, ஏறி உட்கார்ந்தாள். என் கால் தரையை விட்டது. பதவி உயர்வில்கூட நான் அந்த உயரம் போனதில்லை. "மாமாவை நான் தூக்கறேன், நான் தூக்கறேன்" என்று நாற்பது பேரும் பாய்ந்தார்கள். அதோடு அணை உடைந்தது. மூன்றாம் நாள் எட்டு வயதுப் பெண் ஒருத்தி சுற்றிய வேகத்தில் கைப்பிடி கழன்று அவள் கையோடு வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்த முகம் எனக்குப் பழக்கமான முகம். இருபத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகள் முகத்தில் நான் உண்டாக்கி வந்த முகம். எனக்கு வெட்கமாக இருந்தது அத்தான். விதிப்படி பதிவேட்டைத் திறந்து, நீயே எழுதும்மா என்று பேனாவைக் கொடுத்தேன். வயது 8 என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில், 'வேகமா சுத்தினேன். இன்னும் வேகமா சுத்த ஆசையா இருந்துச்சு' என்று எழுதி, என்னிடம் காட்டிச் சரியா என்று கேட்டாள். இருபத்தொன்பது வருஷமாக எத்தனையோ அறிக்கை படித்திருக்கிறேன், இத்தனை ஒழுங்கான காரணம் எவரும் எழுதியதில்லை. சரி என்றேன்.

அது செய்த வினை, இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு புத்தகம் தீர்ந்து இரண்டாவது ஓடுகிறது. ஸ்பேனருக்குச் சாப்பிட நேரமில்லை. உதவிக்கு ஆள் கேட்டிருக்கிறான், ஒப்பந்தத்தையும் ஒரு வருஷமாக நீட்டிவிட்டார்கள், கூடத்தை மூடும் பேச்சும் இல்லை. எல்லோருக்கும் நல்லது நடந்துவிட்டது, என்னைத் தவிர. பனிக்கட்டியில் யார் அதிக நேரம் கை வைப்பது என்ற போட்டிக்கு நான்தான் நடுவர். நடுவரும் கை வைக்க வேண்டும் என்று விதி செய்துவிட்டார்கள். நாளுக்கு முப்பது தடவை என்னைத் தூக்குகிறார்கள். காது இரைகிறது, தொண்டை கட்டிவிட்டது, பேண்ட் முட்டியில் தேய்ந்துவிட்டது. ஓய்வுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. என் ராஜாக்களிடமே போய் அமைதியாக உட்கார்ந்து அதைக் கழித்துவிடுகிறேன். இடமாற்ற உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவர் உங்களிடம் வேலை கற்றவர்தானே? ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதுவரை நான் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. முதல் வேலையைத் தவிர.

உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் கோபமும் ஒன்றாகக் குறைந்து, நீங்கள் இருவரும் நூறு வயது தாண்டி இருக்க வேண்டும் என்று மனதார வேண்டி முடிக்கிறேன். பெரியவன் வீட்டுப் பேத்திக்கு என் அன்பு.

இங்ஙனம்,
மேல்மாடிக்குக் காத்திருக்கும்
உங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: மேலே இருப்பது காலையில் எழுதியது. நான் கேட்பதற்கு முன்பே, போனில் நான் புலம்பியதை அக்கா சொல்லி, நீங்கள் உங்கள் ஆளிடம் பேசிவிட்டீர்கள் போலிருக்கிறது. பதினொரு மணிக்கு உத்தரவு வந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் சிற்பக் கூடம். உத்தரவின் கீழேயே இருக்கும் சீட்டில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டால் அமலுக்கு வரும். அது வந்த நேரத்தில் நான் நாலாம் வகுப்போடு காற்று ஊதும் மேஜையருகே இருந்தேன். கீழிருந்து காற்று வரும், மேலே பந்தை விட்டால் விழாமல் நிற்கும், அந்த மேஜை. கையில் பந்து இருந்ததால் உத்தரவை ஒரு குழந்தையிடம் பிடிக்கக் கொடுத்தேன். அவன் அதைக் காற்றில் விட்டான், பறந்துவிட்டது. "கசக்கிப் போட்டா நிக்கும்டா" என்றாள் இன்னொருத்தி. கசக்கிப் போட்டார்கள். நிற்கிறது. எடுக்கப் போனேன், "ஐயோ வேணாம் மாமா, சூப்பரா நிக்குது!" என்று கூச்சல். அந்த வகுப்பு போகும்போது அடுத்த வகுப்பிடம், அதை யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனது; அதற்கடுத்த வகுப்புக்கும் அப்படியே. தலைமை அலுவலகத்திலிருந்து போன் செய்து, "கையெழுத்து போட்டாச்சா சார்?" என்று கேட்டார்கள். "காகிதம் இன்னும் எறங்கலைங்க" என்றேன். நான் சொன்னது உண்மை.

இப்போது மணி மூன்றேகால். இந்தக் கடிதத்தை ஸ்பேனர் பைக்கில் கொண்டுவந்து உங்கள் கையில் தருவான். ஐந்து மணிக்கு ஊதுவிசிறியை அணைத்தாக வேண்டும். அதற்குள் உங்கள் ஆளைக் கூப்பிட்டு, போட்ட உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் அத்தான். எனக்கு இங்கிருந்து போக மனசில்லை.