மழையில் வென்ற டயர்

காலையில் கடையைத் திறந்து, கண்ணாடி முகப்புக்குள் நின்ற டயரைத் துடைக்கப் போன மேலாளர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். டயர் சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் சூடு அல்ல அது. ஓடிக் களைத்த மிருகமொன்றின் விலாவைத் தொட்டாற்போன்ற சூடு.

பந்தய மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கான டயர் அது. வெட்டோ வரியோ இல்லாமல் மொழுமொழுவென்றிருந்தது. வேறெங்கோ போகவேண்டியது, சரக்கோடு சரக்காக இங்கே வந்து இறங்கிவிட்டது. சாலையில் ஓட்ட அதற்கு அனுமதியில்லை. ஆகவே வாங்கவும் ஆளில்லை. இந்த மாதமும் வியாபாரம் படுத்துக்கொண்டால் கடையைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து தரும்படி முதலாளி வேறு சொல்லியிருந்தார். இன்னொரு வேலை தேடிக்கொள்ளும் வயதை மேலாளர் எப்போதோ தாண்டியிருந்தார்.

விற்க முடியாததைக் காட்டி மற்றதை விற்பதென்று அவர் முடிவு செய்தார். டயரைத் தாங்கியில் நிறுத்தி, அருகே ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, தம் கையாலேயே அதற்கொரு வரலாற்றை எழுதினார். கொட்டும் மழையில், இதே டயரோடு, கடைசி வளைவில் அத்தனை பேரையும் முந்தி வென்றான் ஒரு வீரன். அதன்பின் அவனை எவரும் பார்க்கவில்லை. கீழே பெரிய எழுத்தில், 'அந்தப் பந்தயத்தில் பிறந்த ரப்பர், இன்று உங்கள் வண்டியில்.' வீரன், மழை, வளைவு எல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு.

கடையில் டயர் மாட்டுகிறவர் இளமையில் பந்தயக் குழுவொன்றில் வேலை பார்த்தவர். பலகையைப் படித்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"சார், மழைக்கு வெட்டு போட்ட டயர் வேணும். தண்ணி ஒதுங்க வழியில்லாத இந்த மொட்டை டயரைப் போட்டுக்கிட்டுப் போனா, அவன் ஆஸ்பத்திரி வாசலைத்தான் முதல்ல தாண்டுவான்."

"அதனாலதாம்ப்பா அது வீரம்," என்றார் மேலாளர்.

வீரம் விலைபோயிற்று. வாசலில் நின்று பலகையைப் படித்தவர்கள் உள்ளே வந்து தங்கள் வண்டிகளுக்குச் சாதாரண டயர்களை மாட்டிக்கொண்டு போனார்கள். மேலாளர் தூக்கம் பிடித்து உறங்கத் தொடங்கிய வேளையில்தான் இந்தச் சூடு.

வெயில் படுகிறது என்று தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு டயரைப் பின்னறைக்கு மாற்றினார். மறுநாள் காலை, பின்னறையில் அடுக்கியிருந்த அத்தனை டயர்களும் வெதுவெதுப்பாக இருந்தன. தரையெங்கும் மிளகளவு ரப்பர் உருண்டைகள். பந்தயம் முடிந்த தடத்தின் ஓரத்தில்தான் இப்படி உதிர்ந்து கிடக்கும் என்று சொல்லிவிட்டு, மாட்டுகிறவர் துடைப்பத்தை எடுக்காமல் நின்றார்.

அந்நேரம், முழங்காலில் கிழிந்த கால்சட்டையோடு கணக்கு வாத்தியார் ஒருவர் நுழைந்தார். இரண்டு நாள் முன்பு இங்கே டயர் மாற்றியவர்.

"பால் வாங்கத்தான் சார் போனேன். ரவுண்டானாவுல வண்டி தானாச் சாஞ்சு, என் முட்டி தரையில உரசுது. பின்னாடி உக்காந்திருந்த என் சம்சாரம், 'வளைவை இன்னும் உள்பக்கமா எடுங்க'ங்கறா. அவளுக்கு சைக்கிள்கூட விடத் தெரியாது."

பிறகு தொலைபேசி ஓயவில்லை. வாங்கியவர்கள் எல்லோரும் திருப்பிக்கொண்டு வந்தால் கடை அன்றே காலி. மேலாளர் மாட்டுகிறவரின் முகத்தைப் பார்த்தார். மாட்டுகிறவர் குரலைத் தாழ்த்தினார்.

"ரேஸுக்கு முன்னாடி டயருக்குக் கரண்டுப் போர்வை போத்திச் சூடேத்துவோம். இது அந்தச் சூடு இல்ல சார். ஓடிக்கிட்டிருக்கிற சூடு. ஓட்டுற ஆளுக்கு ரேஸ் முடிஞ்சதே இன்னும் தெரியல."

தாம் அள்ளிவிட்ட கதை, உண்மையிலேயே இருந்த எவனோ ஒருவன்மீது போய் விழுந்திருக்கிறது என்று மேலாளர் நினைத்தார். பயபக்தியோடு டயரை முகப்புக்குக் கொண்டுவந்து, பலகையில் சேர்த்தார்: 'கொடி அசைந்தது. பந்தயம் முடிந்தது. அவன் வண்டியை விட்டு இறங்கினான்.'

மறுநாள் டயர் குளிர்ந்திருந்தது. ஆனால் அதனடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. வெளியே சொட்டு மழையில்லை. ஈரமான பூட்ஸ் தடங்கள் வாசல்வரை போய், திரும்பி, சன்னல்வரை போய், மறுபடியும் திரும்பியிருந்தன. தொலைபேசிப் புகார்களும் மாறியிருந்தன. வண்டிகள் இப்போது சாய்வதில்லை. முன்பின் தெரியாத வீட்டு வாசல்களில் போய் நின்றுகொண்டு, யாராவது கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்வரை நகர மறுக்கின்றன. வாத்தியார் அதற்குள் மூன்று வீடுகளில் மன்னிப்புக் கேட்டிருந்தார்.

அன்று மதியம் சாப்பிட வீட்டுக்குப் போன மேலாளர் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். அவள் சற்றும் அசரவில்லை.

"நீங்ககூடத்தான் கல்யாணத்துக்கு முன்னாடி பொழுதன்னைக்கும் பைக்ல சுத்தினீங்க. இப்ப?"

"இப்ப எங்க போறேன்?"

"அவ்வளவுதான். அந்த ஆளுக்கும் ஒரு வீட்டைக் காட்டிவிடுங்க. அடங்கிடுவான்."

தட்டாமல் செய்தார். இத்தனை நாளில் எழுத்தும் கைக்கு வசப்பட்டிருந்ததால், நம்பகத்தன்மைக்கு ஒரு நுணுக்கத்தையும் சேர்த்துக்கொண்டார்: 'நனைந்த உடையோடு அவன் மூன்றாவது மாடிக்கு ஏறினான். அழைப்புமணி வேலை செய்யவில்லை, தட்டினான். மனைவி கதவைத் திறந்தாள். அதன்பின் அவன் எங்கும் போகவில்லை.'

மறுநாள் தரை உலர்ந்திருந்தது. டயர் வெறும் டயராக நின்றது. வாத்தியார் பால் வாங்கிக்கொண்டு நேராக வீடு திரும்பியதாகத் தெரிவித்தார். அடுத்த நாள் முதலாளி அழைத்து, கடையைப் பூட்டும் பேச்சுக்கே இனி இடமில்லை என்றார். மேலாளர் நாற்காலியில் சாய்ந்து, கால்களை நீட்டி, ஒரு தேநீர் வரவழைத்தார்.

தேநீர் ஆறுவதற்குள் ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. கண்களில் உறங்காத சிவப்பு. பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். கடைசி வரிகளை மட்டும் மறுபடி படித்தாள்.

"வாங்கம்மா. என்ன வண்டி?"

"வண்டியெல்லாம் இல்லைங்க. உங்களைப் பாக்கச் சொல்லி அனுப்பினார்." அவள் விரல் பலகையைத் தொட்டது. "எங்க வீட்டு பெல் வேலை செய்யலைன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

மேலாளர் சிரித்தார். கடை பிழைத்துவிட்ட தைரியத்தில் உண்மையைச் சொல்வதில் அவருக்குத் தயக்கமில்லை. "யாரும் சொல்லலைம்மா. நானா எழுதினது. அந்த ஆளு, வீடு, பொண்டாட்டி, எல்லாமே கற்பனை."

அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அப்ப கொஞ்சம் திருத்தி எழுதுங்க சார். முந்தாநாள் தட்டினவர் இன்னும் ஹால்ல உக்காந்து சொட்டிக்கிட்டிருக்கார். எனக்குக் கல்யாணமே ஆகலை."