கொத்துக் கடைக்கு வேலைக்குப் போன கடிகாரம்

பதுளை,
செவ்வாய்க்கிழமை.

கொழும்பு மாநகரில் கோடீஸ்வரர்களின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரம் விற்றுப் பிழைக்கும் அருமை மருமகன் துவாரகனுக்கு, ஊவா மாகாணக் கடிகாரச் சேகரிப்பாளர் மன்றத்தின் ஆயுள்காலத் தலைவரும், பூனாகலைத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கராக வீற்றிருந்து ஓய்வு பெற்றவரும், உன் தாயாருக்கு ஒரே அண்ணனுமாகிய வீரசிங்கம் மாமா எழுதுவது. நானும் உன் அத்தை லீலாவும் சுகம். கடிகாரமும் சுகம். உன் சுகத்தை, நீ இதைப் படித்து முடித்த பிறகு விசாரிக்கிறேன்.

உன் அழைப்புகளை நான் எடுக்காததற்குக் காரணம் பயம் அல்ல. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. முதலில் நல்ல செய்தி: கடிகாரம் விற்றாகிவிட்டது. விற்பனை இல்லை என்று உன் முதலாளி உன்னை மறுபடியும் ஸ்டோர் வேலைக்குத் தள்ள மாட்டார். இனி விற்ற விதத்தைச் சொல்கிறேன், உட்கார்ந்துகொள்.

பண்டாரவளையில் ஹோட்டல் வைத்திருக்கிற சிவஞானத்தின் கார் பெரகல மண்சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ள, மன்றக் கூட்டம் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போக, அவரிடம் விற்கக் கொண்டுவந்த அந்தப் புதுக் கடிகாரத்தை நீ என் கையில் கட்டிவிட்டு ரயில் ஏறினாயே, ஞாபகம் இருக்கிறதா? “மாமா, இது நிக்கவே கூடாது. நின்னா தேதி, கெழம, நெலா எல்லாம் கலைஞ்சிரும், கம்பெனிக்குத்தான் அனுப்பணும். நின்ன வாட்ச்ச சிவஞானம் தொடவே மாட்டாரு. இத ஓட வைக்கிறதுக்கு...” என்று ஆரம்பித்தாய். நான் கையை உயர்த்தினேன். “மாப்ள, தலைவருக்கே பாடமா? வெல ஒசந்த வாட்ச்சு கையாட்டத்துலதான் ஓடும்னு எனக்குத் தெரியாதா? நான் தெனமும் துன்ஹிந்த அருவி வரைக்கும் நடக்கிறவன்” என்றேன். ரயிலும் என் கட்சியில் சேர்ந்து கிளம்பிவிட்டது.

மருமகனே, நான் துன்ஹிந்தயைக் கடைசியாகப் பார்த்தது ஒரு கலண்டரில். என் சேகரிப்பில் இருக்கிற ஏழு கடிகாரங்களில் ஆறு பற்றரி போட்டவை, ஏழாவதில் முள்ளே இல்லை. என் வலது கை தேநீர்க் கோப்பையைத் தூக்க அசையும். இடது கை அதற்குக்கூட அசையாது, அது பிறவிப் பிரபு. அந்தக் கையில் கட்டினால் என்ன ஆகும்? மிச்ச பலத்தைக் காட்டுகிற குட்டி முள் ஒன்று அதில் இருக்கிறதே, பெட்ரோல் முள் மாதிரி, அது மறுநாள் மத்தியானமே சிவப்புப் பக்கம் சாய ஆரம்பித்தது. கையை ஆட்டினேன். காக்கா விரட்டினேன். தெருவில் நின்று போகிற வருகிற பஸ்ஸுக்கெல்லாம் டாட்டா காட்டினேன். லுணுகலை பஸ் நின்றேவிட்டது, ஏறாத என்னை கண்டக்டர் வம்ச வாரியாக விசாரித்துவிட்டுப் போனான். முள் மட்டும் ஏறவில்லை.

கவலை வந்தால் எனக்குப் பசிக்கும். கொத்துரொட்டிக் கடைக்குப் போனேன். அங்கே ஷப்ராஸ் இரண்டு இரும்புத் தகடுகளால் ரொட்டியைக் கொத்திக்கொண்டிருந்தான். அடேயப்பா, அது கையா இடியா! அந்த மணிக்கட்டை ஒரு கம்பியில் இணைத்தால் ஊவா மாகாணம் முழுக்க விளக்கெரியும். சுவிட்சர்லாந்துக்கே தோன்றாத யோசனை எனக்கு அங்கே தோன்றியது.

“கிளாக்கர் ஐயா, இது என்ன வெல?” என்றான், நான் கடிகாரத்தை அவன் கையில் கட்டிவிடும்போது.

“ஒன் கடை, பக்கத்துக் கடை, அதுக்கடுத்த கடை.”

“அல்லாவே! அப்ப கழட்டுங்க, எனக்குக் கை ஓடாது.”

“ஒனக்கு ஓடாட்டி அதுவும் ஓடாதுடா, கொத்து!”

கடிகாரத்தின் மேல் ஷொப்பிங் பேக்கைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டு, தினமும் கடை சாத்தும்வரை எதிரிலேயே காவல் இருந்தேன். சும்மா இருந்தால் சந்தேகம் வருமே என்று எனக்கொரு கொத்து, அத்தைக்கொரு பார்சல். வீட்டுக்கு வந்து கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டு விழுந்துவிடுவேன். காலையில் அத்தைதான் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து வைப்பாள். நான் எழுந்து பார்த்தால், முள் உச்சியில்! “எல்லாரும் வாட்ச்ச கட்டிக்கிட்டு வேலைக்குப் போவாங்க. நீங்க வாட்ச்ச வேலைக்கு அனுப்பிட்டு ஒக்காந்திருக்கீங்க” என்றாள் அத்தை. மேதைகளுக்கு வீட்டில் மரியாதை ஏது?

ஞாயிறன்று சிவஞானமும், வெலிமடை மாணிக்கக்கல் வியாபாரி மர்ஸூக்கும் வந்தார்கள். வெள்ளைக் கையுறை போட்டு, பச்சைப்பிள்ளையை வாங்குவதுபோல் வாங்கினார்கள். பின்பக்கக் கண்ணாடிக்குள் சக்கரங்கள், தோட்டத்தில் காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்க ஆள் கூடுகிற மாதிரி வரிசையாக அசைய, சிவஞானத்துக்குக் கண் கலங்கியது. மர்ஸூக் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் செருகிக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

“தலைவர், பட்டிக்கு அடியில கொத்துக்குப் போடுற லீக்ஸ் இலைத் துண்டு ஒண்டு கிடக்கே. எங்கட வெலிமடை லீக்ஸ் மாதிரி.”

சிவஞானம் முகர்ந்து பார்த்தார். “வீரசிங்கண்ணே, கோழிக் கொழம்பு வாசம் வருதே?”

உன் வேலை போயிற்று என்று நினைத்து, ஒன்றுவிடாமல் உளறிக் கொட்டினேன். சிவஞானம் தேதியைப் பார்த்தார், கிழமையைப் பார்த்தார், நிலாவைப் பார்த்தார். எல்லாம் கச்சிதம். “அண்ணே, பெட்டிக்குள்ள படுத்துக் கெடக்கிற வாட்ச்சுதான் இதுவரைக்கும் பாத்திருக்கேன். ஒழைச்சு சாப்பிடுற வாட்ச்ச இப்பதான் பாக்குறேன். எனக்கே வேணும். ஆனா ஷப்ராஸும் கூட வேணும்” என்றார். நேற்றுக் காலை, இரட்டைச் சம்பளத்துக்கு, கடிகாரத்தோடு ஷப்ராஸும் பண்டாரவளைக்குப் போய்விட்டான். இனி உங்கள் கம்பெனி கிளைக்கொரு கொத்து மாஸ்டரை நியமிக்க வேண்டும் என்றும், அந்தத் திட்டத்துக்கு என் பெயரையே வைக்க வேண்டும் என்றும் முதலாளியிடம் சொல்.

உன் பதவி முள் என்றும் உச்சியில் நிற்க, தலைவர் என்ற முறையிலும் தாய்மாமன் என்ற முறையிலும் இரண்டு தரம் ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
வீரசிங்கம் மாமா

பி.கு: கடித உறையை ஒட்டுவதற்குப் பசை கேட்டேன், அத்தை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். “கையாட்டமாவது கொத்தாவது! தொடைக்கும்போது பக்கத்துத் திருகைத் திருகி நான்தான் தெனமும் சாவி குடுத்தேன். எங்கப்பா வாட்ச்சுக்குக் குடுக்கிற மாதிரி.” ஏன் சொல்லவில்லை என்றேன். “சொல்லியிருந்தா ராத்திரிக்குக் கொத்து பார்சல் வருமா?” என்கிறாள். நேற்றிலிருந்து அதற்கு யாரும் சாவி கொடுக்கவில்லை, மருமகனே. பண்டாரவளையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. “எடுத்துப் பேசுங்க, தலைவரே” என்று அத்தை அதை என் இடது கையில் வைத்துவிட்டாள். அந்தப் பிரபுக் கை இப்போது நடுங்குகிற நடுக்கத்துக்கு, கையாட்டத்தில் ஓடுகிற கடிகாரமாக மட்டும் இருந்திருந்தால், ஒரு வருஷம் நிற்காமல் ஓடியிருக்கும்.