கருவடிக்குப்பம் டிரைவ்-இன்

படம் ஓடத் தொடங்கிவிட்டது. சத்தம்தான் வரவில்லை.

ஆறு மணிக்குச் சோதித்துப் பார்த்தபோது தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திய ஸ்பீக்கர் பெட்டி அது. அரிகிருஷ்ணனும் சவுண்டு சர்வீஸ் இளம்பரிதியும் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஊமையாகிவிட்டது.

"ஒயரக் காணமேண்ணே," என்றார் இளம்பரிதி, நரைத்த தாடியைச் சொறிந்தபடி. "புரொஜக்டர்லேர்ந்து பெட்டிக்குப் போற ஒயரு. இங்கதான் சொருகினேன்."

"வேற ஒயரு?"

"சாரம் ஏரியாவுல ஒரு சடங்கு வீட்ல ஓடுது."

அரிகிருஷ்ணன் குனிந்து தரையெல்லாம் தேடினார். நாளை மறுநாள் மனைவி கண்ணகி பிரான்சுக்குப் புறப்படுகிறாள். மகள் சிந்துஜாவுக்கு அங்கே பிரசவம். திரும்பி வர ஆறு மாதம் ஆகும். கல்யாணமாகி முப்பத்துநாலு வருடத்தில் இருவரும் ஒரு வாரம்கூடப் பிரிந்து இருந்ததில்லை. அவள் போவதற்குள் ஒரு பழைய குறையைத் தீர்த்துவிட வேண்டும் என்று கிடந்து தவித்தார்.

கல்யாணமான புதிதில் மில்லுக்கு லீவு போட்டு, கூட்டாளியின் அம்பாசிடரை இரவல் வாங்கி, சென்னைக்குப் போகிற கடலோரச் சாலையில் இருந்த டிரைவ்-இன் தியேட்டருக்கு அவளைக் கூட்டிப்போனார். காரில் உட்கார்ந்தபடியே படம். சவுக்குத் தோப்புக் காற்று, தலைக்கு மேலே நட்சத்திரம். கார் கதவில் மாட்டிக்கொள்ள ஒரு குட்டி ஸ்பீக்கர் தருவார்கள். நாற்பது கார்களில் இவர்கள் காருக்கு மட்டும் வாய்த்தது செத்த ஸ்பீக்கர். புதுப்பெண் அலுத்துக்கொள்ளாமல் இருக்க, மூன்று மணி நேரமும் வாய்க்கு வந்த வசனத்தை அவரே பேசித் தீர்த்தார்.

"என்னா படத்தக் கண்டேன், ஒரு வார்த்த காதுல விழல," என்று கண்ணகி இன்றைக்கும் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறாள். கேட்கும்போதெல்லாம் அவருக்குச் சுருக்கென்றிருக்கும்.

மில்லை மூடிவிட்டார்கள். அந்தத் தியேட்டரும் மூடியாகிவிட்டது, அடுக்குமாடி வரப்போகிறதாம். அதனால்தான் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனை, எதிரே சன்னல் இல்லாத வெள்ளைச் சுவர், தேடிப் பிடித்த அதே படம், டாக்சி ஓட்டி ஓய்ந்த அவருடைய சொந்த அம்பாசிடர். முன் சீட்டில் கண்ணகி. பின் சீட்டில், அவளை வழியனுப்ப வந்த பிள்ளைச்சாவடி மீன்காரி சின்னப்பாப்பா.

"கொஞ்சம் எறங்கு சின்னப்பாப்பா. சீட்டுக்கு அடியில பாத்துடறேன்."

"முட்டி வலிண்ணே. ஏறினதே பெரும்பாடு."

"விடுங்கண்ணே, கார் ரேடியோவுல புடிச்சிடலாம்," என்று இளம்பரிதி எதையோ புரொஜக்டரில் சொருகினார். சுவரில் கதாநாயகி படிக்கட்டில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். ரேடியோ பேசியது: "மீனவர்கள் கவனத்திற்கு. தென்கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசக்கூடும்."

"யாரும் பேசாதீங்க," என்றாள் சின்னப்பாப்பா. "முக்கியமான சேதி."

அடுத்து புளூடூத். சின்னப்பாப்பா தன் போனில் எதை அமுக்கினாளோ, பெட்டி புரொஜக்டரை விட்டுவிட்டு அவள் போனைப் பிடித்துக்கொண்டது. சுவரில் கதாநாயகன் மண்டியிட்டுக் காதலைச் சொன்னான். பெட்டியிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது: "யக்கா, நாளைக்கு வஞ்சிரம் வந்தா தல எனக்கு."

அரிகிருஷ்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. ஒயர்தானே வேண்டும் என்று பானெட்டைத் திறந்து ஒன்றைப் பிடுங்கினார். ஹாரன் அலறியது. அதை நிறுத்த இன்னொன்றைப் பிடுங்கினார். வைப்பர் ஆடியது. நாலு தெரு நாய்களும் வந்து சேர்ந்து ஊளையிட்டன. கடைசியில் இளம்பரிதிதான் பேட்டரியைக் கழற்றினார்.

எல்லாம் அடங்கியது. சுவரில் மட்டும் படம் பேசாமல் ஓடிக்கொண்டிருந்தது. அரிகிருஷ்ணன் வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். அழுகை வரும்போல இருந்தது.

"இந்த வாட்டியும் கெடுத்துட்டேன் கண்ணகி."

கண்ணகி முறுக்கை உடைத்து ஒரு பாதியை அவரிடம் நீட்டினாள். "குதிர மேல வர்றாரே, அவரு என்னா சொல்றாரு?"

"என்னாத்த சொல்லுவாரு. சாப்டியான்னு கேக்கறாரு."

"இல்லியே. 'மில்லுல நைட் ஷிப்ட மாத்திக் குடுக்கட்டும், உன்னத் தெனம் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்'னு இல்ல அன்னிக்குச் சொன்னாரு."

அவருக்கே மறந்துபோன வசனம் அது. அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தார்.

பேசப்பேச அந்தக் காலம் வந்து காருக்குள் உட்கார்ந்துகொண்டது. கதாநாயகியின் அப்பா மில் சூப்பர்வைசர் ஆனார். வில்லன் லீவு தர மறுத்தான். கண்ணகி விழுந்து விழுந்து சிரித்தாள். கடல்காற்று உள்ளே வந்து அவள் நரைமுடியைக் கலைத்தது. அரைமணி நேரத்துக்கு அரிகிருஷ்ணனுக்கு இருபத்தாறு வயது.

சுவரில் கதாநாயகி ரயில் ஏறினாள். கதாநாயகன் பிளாட்பாரத்தில் நின்றான். அரிகிருஷ்ணனின் குரல் இறங்கியது.

"'போய்ட்டு வா. ரசம் வெக்க எனக்குத் தெரியும். பக்கத்துல நீ இல்லாம தூக்கம் வருமான்னுதான் தெரியல'ங்கறாரு."

கண்ணகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவரில் ரயில் போய் மறைந்தது.

பின் சீட்டில் சின்னப்பாப்பா நெளிந்தாள்.

"கண்ணகி, ஒயரு குத்துது. இன்னும் எவ்ளோ நேரம் இத இடுப்புல சொருகி வெச்சிருக்கறது?"