மூன்றாம் வகுப்பில் மிரட்டுவது யார்?

"யார்னு சொல்ல மாட்டேன் டீச்சர்," என்றாள் கடுகு.

வகுப்பிலேயே குள்ளமானவள் என்பதால் அந்தப் பெயர். யாரோ யாரையோ தினமும் மிரட்டுகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டு வாயைப் பூட்டிக்கொண்டாள்.

டீச்சருக்கு ரத்தம் கொதித்தது. தன் வகுப்பில் இப்படி ஒரு அநியாயமா? வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தலைமையாசிரியை காதுக்கு எட்டினால் சீட்டுக் கிழிந்துவிடும். இருந்தாலும் விடுவதாக இல்லை.

யாராவது யாரையாவது மிரட்டினால் எழுந்து நிற்க வேண்டும், கையை நீட்ட வேண்டும், "நிறுத்துங்க, இப்படிப் பேசாதீங்க" என்று சொல்ல வேண்டும், ஒருவர் எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும் என்று வகுப்புக்கே சொல்லிக்கொடுத்தாள்.

சந்தேகமெல்லாம் கடைசி பெஞ்சு நெட்டையன்மேல்தான். ஒத்திகையில் அவனையே மிரட்டச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று கணக்குப் போட்டாள். அவன் வந்தான், கடுகைப் பார்த்து "ஏய்" என்றான், அதைத் தானே பொறுக்க முடியாமல் ஓவென்று அழுதான். அவன் அழுவதைப் பார்த்து முதல் பெஞ்சும் அழுதது.

வேறு வழியில்லாமல் டீச்சரே மிரட்ட இறங்கினாள். யோசிக்காமலே ஒரு குரல் தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

"அறிவிருக்கா? உன்னை யாரு இங்க சேர்த்தது?"

வகுப்பு மொத்தமும் எழுந்து "நிறுத்துங்க" என்று கத்தியதில் பள்ளிக்கூடமே அதிர்ந்தது. உடனே வாசலில் தலைமையாசிரியை வந்து நின்றார்.

"இது வகுப்பா, சந்தையா? அறிவிருக்கா? உங்கள யாரு இங்க சேர்த்தது?"

டீச்சரின் தலை தானாகக் குனிந்தது. மன்னிப்புக் கேட்கும் வழக்கமான பல்லவி வாய்வரை வந்துவிட்டது.

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. முதலில் கடுகு, அடுத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே நெட்டையன், பிறகு அத்தனை பேரும் டீச்சருக்கு முன்னால் வந்து கையை நீட்டி நின்றார்கள்.

"நிறுத்துங்க. இப்படிப் பேசாதீங்க."

டீச்சருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"இது ஒத்திகை மேடம். இங்க ஒரு பிள்ளைய யாரோ மிரட்டுறாங்களாம், அதான்..." என்று இழுத்தாள்.

கடுகு நீட்டிய கையை இறக்கவில்லை.

"பிள்ளையில்ல டீச்சர், உங்களைத்தான் சொன்னேன். பயப்படாம நீங்களும் கையை நீட்டுங்க."